பலாப்பழம் விழும் வேகம்

சபீரா மேடத்துக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்கு வரும்போது பேருந்தில் முன்பக்கமாக உட்காருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, பின் இருக்கை யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தால் நல்லது. அரியூர் நாடு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பதிப்பதற்கென்று செய்துவைத்திருக்கும் நினைவுக் கல்லை மட்டும் கொண்டுவர வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலூர்பட்டியில் படகுத்துறைக்கு எதிரே என் கணினி மையம். மூன்று கணினி, ஒரு தொலைபேசி இணைப்பு. 2004-இல் இந்தப் பக்கத்தில் இணையம் பார்க்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரும் விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது.

அம்சவேணி அரியூர் நாட்டில் மரவள்ளி போடும் கருப்பண்ணனின் மகள். ராசிபுரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் வந்து மூன்றாவது கணினியில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு எழுதினாள். பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகுவதற்கு. மரத்திலிருந்து பலாப்பழம் விழும், அதன்மேல் ஓர் எழுத்து இருக்கும். தரையில் படுவதற்குள் அந்த எழுத்தைத் தட்டினால் பழம் கூடைக்குள் போகும், தவறினால் பிளந்து சுளை சிதறும். படகு சவாரிக்கு வந்தவர்கள் சவாரியை மறந்துவிட்டு என் கடையில் பலாப்பழம் பிடித்தார்கள். முப்பத்து நான்கு வயதில் நானும் பிடித்தேன்.

இதை, உலகமெங்கும் குறுந்தகட்டில் இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸ் வழங்கலில் சேர்த்தால் என்ன என்று தோன்றியது எனக்குத்தான். அதற்கு நிரலை முறையாகப் பொதி கட்ட வேண்டும். யார் எழுதியது, என்ன உரிமம், எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்தால், யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். நான் கட்டிய முதல் பொதி அது. பொதியைச் சரிபார்க்கும் சோதனை நிரல் முதல் தடவை நாற்பத்தொரு பிழை சொன்னது. பிறகு முப்பது, பன்னிரண்டு, இரண்டு. பத்தொன்பதாவது தடவை ஒன்றுமே சொல்லாமல் கம்மென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் தேன் விற்றுக்கொண்டிருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். விலை குறைக்க முடியாது என்றார்.

பராமரிப்பாளர் என்ற இடத்தில் முருகானந்தம் என்று என் பெயர் இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தக் குறுந்தகட்டைப் போட்டாலும் என் பெயரும் கூடவே போகும். அந்த வரியை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பொதியை அந்த வழங்கலைத் தொகுக்கும் உங்கள் குழுவுக்கு அனுப்பினேன், நீங்கள்தான் பதில் எழுதினீர்கள். இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஒன்று, நிரலை எழுதியவரே உரிமத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். பத்து நாளில் வெளியீட்டை உறைய வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்க முடியாது. இரண்டு, இப்படி எழுதக்கூடிய ஒருவரைப் பெங்களூரில் உங்கள் அலுவலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அவரை உடனே பேசச் சொல்ல வேண்டும்.

அம்சவேணியிடம் முதல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, பொதிய நானே கட்டறனுங்க. எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். "ழ பழம் மட்டும் ரொம்ப வேகமா உழுகுதுங்க. அதையும் சரி பண்ணிப்போட்டு ஒரு மாசத்துல அனுப்பிச்சர்லாம்."

"பத்து நாள்தான் இருக்குது கண்ணு."

"அடுத்த வெளியீட்டுல போட்டுக்கலாமுங்க. எங்க ஓடிப்போகுது."

நியாயமான பேச்சு. ஆனால் அடுத்த வெளியீடு ஒன்றரை வருடம் கழித்து. அதில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கும்.

அதனால் அவள் போன மாதம் இறந்துவிட்டதாக உங்களுக்கு எழுதினேன். மஞ்சள் காமாலை என்று போட்டேன். பேருந்து விபத்து என்றால் எந்த வளைவு என்று கேட்பீர்கள். சாகும்போது என் கையைப் பிடித்து, இது எல்லாருக்கும் போகட்டும் என்று சொன்னதாகவும், நான் அவளுடைய அண்ணன், நானே சம்மதம் தருவதாகவும் எழுதினேன். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்று நாளில் உங்கள் குழுவிலிருந்து அறுபத்திரண்டு இரங்கல் கடிதம். பிரேசிலிலிருந்து ஒருவர், சோதனைக்காகப் பொதியை நிறுவியவர், தன் மகள் பழம் பிடிக்கும் படத்தை அனுப்பியிருந்தார். நான் அழுதேன் மேடம், அது நடிப்பில்லை. அம்சவேணி பக்கத்துக் கணினியில் ழ-வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்கண்ணா, கண்ணு கலங்குது?" என்றாள். மிளகாய் பஜ்ஜி என்றேன்.

வெளியீடு அம்சவேணியின் நினைவுக்கு என்று நீங்கள் அறிவித்த அன்று, அன்னப் படகை வாடகைக்கு எடுத்து ஏரியைத் தனியாக நான்கு சுற்று மிதித்தேன். சத்தமாகப் பாடினேன். கரையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடு. அவள் இணையத்தில் தன் பெயரைத் தேடிவிடக் கூடாது. அவள் பேருந்து வரும் நேரம் பார்த்துத் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிவிடுவேன். நான்கு சனிக்கிழமை லைன் இல்லை என்றேன். ஐந்தாவது சனிக்கிழமை, ராசிபுரம் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மறுநாள் அவள் அப்பாவைப் பார்க்க அவருடைய மரவள்ளிக் காட்டுக்குப் போனேன்.

"உங்க புள்ள கம்ப்யூட்டர்ல ஆம்பளைங்ககூடப் பேசிட்டு இருக்குதுங்க. மனசு கேக்கல, சொல்லிப்போட்டேன்."

கருப்பண்ணன் பிடுங்கிய மரவள்ளிக் குச்சியைக் கீழே போட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்க தம்பி" என்றார்.

நான் அவரிடம் அடிக்கச் சொல்லவில்லை. அவள் நிரலைச் சேமித்து வைத்திருந்த பிளாப்பிகளை அடுப்பில் போடச் சொல்லவுமில்லை. தை மாதம் முள்ளுக்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன், சாப்பாடு நன்றாக இருந்தது.

பிறகு, நிறுவி ஆடியவர்களிடமிருந்து பதினேழு பிழை அறிக்கைகள் வந்தன. பதினேழும் ழ-வைப் பற்றி. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அந்தப் பழம் கைக்குச் சிக்கவில்லை. எனக்குப் பொதி கட்டத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. நிரலின் அந்தப் பக்கங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். சரியாக இருந்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்ப்பார்களாம் என்றேன்.

அவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே பென்சிலால் மூன்று வரியை அடித்து மூன்று வரி எழுதினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒருமுறை தானாகச் சிரித்துக்கொண்டாள்.

"அந்த ஆட்டத்த யாராச்சும் ஆடறாங்களாங்கண்ணா?"

"இல்ல கண்ணு."

"நானும் அப்பிடித்தான் நெனச்சனுங்க" என்றாள். "நீங்க ஒருத்தராச்சும் அத மதிச்சீங்களே, அது போதுமுங்க."

காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்று மாலையே இரண்டாவது பதிப்பை அனுப்பினேன். இறந்துபோன தங்கை விட்டுச்சென்ற பிழையை அண்ணன் திருத்தினார் என்று குழுவில் எல்லாரும் என்னைப் பாராட்டினீர்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

நீங்கள் முள்ளுக்குறிச்சிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்பாள்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நினைவுக்கு என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள், உயிரோடு இருப்பவளைப் பற்றி அப்படிப் போடுவது முறையில்லை. பராமரிப்பாளர் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். இனி ஏதாவது பிழை வந்தாலும் அச்சடித்துக் கொண்டுபோய் அவளிடம் திருத்தி வாங்கி அனுப்ப ஓர் ஆள் வேண்டும் அல்லவா. பாவம், அவளுக்கு இணையம் கிடையாது.

இப்படிக்கு,
முருகானந்தம்