ஊக்கி சேராத ஆறு தட்டுகள்

விழாத் தலைவர் அவர்களே, ஆய்வுக்கூடத்தின் மூத்தோரே, பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னைப் பேச அழைக்கலாமா என்று மூன்று கூட்டம் போட்டு முடிவெடுத்த குழுவினரே, வணக்கம்!

எலும்பு எப்படிப் பிறக்கிறது? கல்லாகவா பிறக்கிறது? இல்லை. எதுவாகவும் ஆகாத இளஞ்செல்லின் மேல் வளர்ச்சி ஊக்கி என்னும் புரதம் வந்து ஒட்டுகிறது. உள்ளே செய்தி ஓடுகிறது. பெருகு என்கிறது, செல் பெருகுகிறது. பெருகினால் போதுமா? ஆள் கூடினால் கட்டடம் எழுந்துவிடுமா?

ஆய்வுக்கூடத் தட்டில் இளஞ்செல்லை வளர்த்து எலும்பாக்கப் பார்த்தோம்; இரண்டு நாளுக்கொரு முறை ஊட்டநீரை மாற்றி, விடாமல் ஊக்கி சேர்ப்பது எங்கள் வழக்கம். மூன்றாண்டுகள் சேர்த்தோம். செல்கள் தட்டை நிறைத்தன. எலும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஊட்டநீர் மாற்றும் உதவியாளர் அக்கா, ஒரு வாரம் ஆறு தட்டுகளுக்கு ஊக்கி கலக்காத புட்டியை எடுத்துவிட்டார். கலந்த புட்டிக்கும் கலக்காத புட்டிக்கும் ஒரே நீல மூடி. தாமே வந்து ஒப்புக்கொண்டார். அன்றைய துறைத்தலைவர் ‘கவனக்குறைவு’ என்று தாளில் எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார். தட்டுகளைக் கொட்டச் சொன்னார்.

கைப்பையோடு நின்ற அக்கா என்னிடம் சொன்னார்: “நான் போறேன் தம்பி, அது பரவாயில்லை. அந்தத் தட்டைக் கொட்டிடாதீங்க. செல்லு சாகலை. அடியில கருப்பா மணல் மாதிரி ஏதோ படிஞ்சிருக்கு.”

கொட்டவில்லை! சுண்ணாம்புச்சத்து படிந்த இடத்தைச் சிவப்பாக்கும் சாயத்தை ஊற்றினேன். ஆறும் சிவந்தன!

துறைத்தலைவரிடம் காட்டினேன். “தப்புல வந்தது முடிவு இல்லப்பா, குப்பை” என்றார். என்னைக் கிடங்குக்கு மாற்றினார். அவர் மறந்திருப்பார், நான் தேதியோடு சொல்வேன். சிரிக்காதீர்கள், மணியும் சொல்வேன்.

கிடங்கின் மூலையில் மறுபடி செய்தேன். மறுபடி சிவந்தது. வேறு மூன்று ஆய்வுக்கூடங்கள் செய்தன, அங்கும் சிவந்தது! தொடக்கத்தில் பெருக்கும் அதே ஊக்கி, விடாமல் கொடுத்தால் முதிரவிடாமல் தடுக்கிறது. உரிய நாளில் நிறுத்தினால், இளஞ்செல் எலும்பு கட்டும் செல்லாகிறது. கொடுப்பது பாதி அறிவு என்றால், நிறுத்துவது மீதி அறிவு!

என்னம்மா கேட்கிறீர்கள்? ஆம், அக்கா இந்த அரங்கில்தான் இருக்கிறார். செல் வளர்ப்பு அறைக்குப் பொறுப்பாளராக நிர்வாகம் அவரை மீண்டும் அழைத்திருக்கிறது. நேற்று நான் செய்தி சொன்னபோது அழவில்லை, நன்றி சொல்லவில்லை. “வர்றேன். ஆனா அந்தத் தாளை என் கண்ணு முன்னாடி கிழிக்கணும்” என்றார்.

தாள் இதோ, விழாத் தலைவரின் கையில். அக்கா, மேடைக்கு வாருங்கள்! பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. கைதட்டலைச் சற்றே நிறுத்திவையுங்கள்; கிழியும் ஓசை கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். வணக்கம்.