கஞ்சாக் கடைக்கு நூறு கைநாட்டு

...பாருங்கக்கா, அந்தத் தாலுக்கா ஆபீசு பியூனு காலையிலேந்து தொண்ட கிழிய ஒவ்வொரு பேராக் கூப்பிடறாரு. ஒருத்தராவது "ஆஜர்"னு சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. எப்பிடிச் சொல்லுவாங்க?... ஐய, நீங்க எழுந்துக்காதீங்க, ஒக்காருங்க. இந்த மரத்து நெழலு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

நான் யார்கிட்டயும் பேசவே மாட்டேன்க்கா. கூச்ச சுபாவம். பொண்ணு பாக்க வந்தப்போ பேரு இன்னான்னு கேட்டாங்க, அதக்கூட எங்கம்மாதான் சொல்லிச்சி. மொகம் தெரியாதவங்கன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். அதான் ஒங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கறேன்.

கையில இன்னா, மனுவா? மனப்பட்டாவுக்கா? பத்ரமா வையுங்க. எங்க ஜெயம் எதக் கண்டாலும் இழுக்கும். பத்து மாசம்தான் ஆவுது, கையி சொம்மாவே இருக்காது. ஜெயம்! அந்தப் பைய வுடு! அதுல ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லக்கா. வர்ற வழியில செட்டிக்குளத்துல வீசிடலாம்னு ஒரு சாமான் எடுத்தாந்தேன். கொளத்தங்கரையில நாலு பேரு துணி தொவைச்சிக்கினு இருந்தாங்க, எனக்கு வெக்கமாப் பூடுச்சி.

எல்லாம் அந்தக் கஞ்சாவால வந்த வென. அந்தக் காலத்துல லைசென்சு வாங்கி கடை வெச்சே வித்தாங்களாமே? அப்புறம் மூடிட்டாங்களாம். மூணு மாசத்துக்கு முன்ன பஜார்ல எவனோ கெளப்பி வுட்டான், "திரும்பத் தொறக்கலாமா வேணாமான்னு சர்க்காரு ஜனங்களக் கேக்குது, எழுதிக் குடுக்கணும்"னு. அவ்ளோதான், ஊரு ரெண்டாப் போச்சி. ஊரு போவட்டும்க்கா, எங்க வூடு ரெண்டாப் போச்சே!

அதோ, பச்சப் பொடவ, கொட புடிச்சிக்கினு நிக்கறாங்க பாருங்க, எங்க மாமியாரு தைலம்மாள். கடை வேணுங்கற கட்சிக்கு அவங்கதான் தலைவரு. இந்தாண்ட, சைக்கிள்ல சாஞ்சிக்கினு, கதர் சட்ட... அதுதான் எங்க வூட்டுக்காரரு. பேரு நான் சொல்லக் கூடாது. பியூனு ராஜாங்கம்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு. வேணாங்கற கட்சிக்குக் காரியதரிசி. அம்மாவும் புள்ளையும் மூணு மாசமா மொகங் குடுத்துப் பேசல. எல்லாம் என் வழியாத்தான். "ஒம்புருசங்கிட்ட சொல்லு, அது மருந்து. என் முட்டி வலிக்குக் கேக்கற ஒரே மருந்து." "ஒங்க அத்தகிட்ட சொல்லு, முட்டிக்கு மருந்துன்னா முட்டியில தேய்க்கணும், வாயில எதுக்கு ஊதணும்?" நான் கரண்டியும் கையுமா இப்பிடித் திரும்பி அப்பிடித் திரும்பி... அன்னிக்கு ரசத்துல ரெண்டு தடவ உப்பு போட்டேன்.

இதுக்கு மூலம் எங்க மாமனாருதான். புண்ணியவான், போய்ச் சேந்துட்டாரு. ஒரு நாளு நல்லா இழுத்துட்டு ராஜகிரிக் கோட்ட மேல ஏறிட்டாராம். ஏறி, நான்தான்டா ராஜான்னு ஒக்காந்துக்கினு, மேயற ஆடுங்ககிட்ட வரி கேட்டிருக்காரு. ஆடு இன்னா குடுக்கும்? புழுக்கதான் குடுத்துச்சி. அத மேல்துண்டுல முடிஞ்சி, கஜானான்னு பஜார் வழியா எடுத்தாந்தாரு. எங்க வூட்டுக்காரருக்கு அப்போ பத்து வயசு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் இவர "எளவரசே, எளவரசே"ன்னு... இன்னிக்கும் அந்தப் பேரச் சொன்னா சோத்துத் தட்ட ஒதுக்கி வெச்சிட்டு எழுந்துடுவாரு.

அத்த இன்னா சொல்றாங்க தெரியுமா? "அந்த மனுசன் ஜென்மத்துல ராஜாவா இருந்தது அந்த ஒரு நாளுதான்டி. அன்னிக்குத்தான் என்ன ராணின்னு கூப்ட்டாரு." கண்ணத் தொடச்சிக்கறாங்க. நான் யாரு பக்கம் நிக்கறது, நீங்களே சொல்லுங்க... சொல்ல மாட்டீங்க. அதான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

எங்க தெருவுல எழுதத் தெரிஞ்ச பொம்பள நான் ஒருத்திதான். மூணாங்கிளாசு. அத்த வந்து காதோட சொல்றாங்க, "மகா கனம் பொருந்திய தாசில்தார் சமூகத்துக்கு, கடை வேணும்னு எழுது. வூடு வூடாப் போயி நூறு கைநாட்டு வாங்கியா." சரின்னேன். அன்னிக்கு சாயங்காலமே அவரு ஸ்டாம்பு பேடு ஒண்ணு எடுத்தாந்து குடுக்கறாரு. "கடை வேணாம்னு எழுது. நூறு கைநாட்டு." அதுக்கும் சரின்னேன். முடியாதுன்னு சொல்லணும்னா பேசணும்ல? ரெண்டும் நான்தான் எழுதுறேன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. இந்த நிமிசம் வரைக்கும் தெரியாதுக்கா! தெரிஞ்சா அவங்களும் என்ன வெக்க மாட்டாங்க, இவரும் வெக்க மாட்டாரு. புள்ளையத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறணும்.

எரநூறு பேரு கதவத் தட்டி, "கட்ட வெரல நீட்டுங்க"ன்னு நான் கேப்பனா? என்னால ஆவுமா? சரி, பேரு எங்க போறது? எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், மூணாங்கிளாசு ஆஜர் பட்டி. வாத்தியாரு தெனமும் கூப்பிடுவாரே! என்ன வுட்டு முப்பத்து மூணு பேரு. அத ரெண்டு மனுவுலயும் ஊரு மாத்தி, செஞ்சின்னு ஒருக்கா, பனமலன்னு ஒருக்கா, சீயமங்கலம்னு ஒருக்கா எழுதினேன். தொண்ணூத்தொம்போது ஆச்சி. நூறாவதுக்கு என் பேரு போட வெக்கமா இருந்துச்சி. எங்க ஆட்டுப் பேரு போட்டேன்.

...கேட்டீங்களா? "லட்சுமி, தகப்பன் பேரு கருப்பன்!" நாலாவது தடவ கூப்பிடறாரு. எங்கேந்து வரும்? கொட்டாயில கட்டி வெச்சிருக்கறேன்.

பேரு ஆச்சி, வெரலு? என் கட்ட வெரலு ஒண்ணு, எத்தினி தடவ வெக்கறது? ஒரே மாதிரி இருக்கும்ல... இன்னா பாக்கறீங்க? பாப்பா காலு ஏன் ஊதாவா இருக்குதுன்னா? ஐயோ, பாவாடைய இழுத்து மூடித்தானே வெச்சேன்! புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், போவல. ஆனா நான் ஓரவஞ்சன பண்ணல, சத்தியமா! வலது காலு பூரா ஆதரவு, எடது காலு பூரா எதிர்ப்பு. கையும் அப்பிடியே. ஒரு பக்கம் அதிகமா வியக் கூடாதுன்னு எண்ணி எண்ணி வெச்சேன். அது கூச்சத்துல சிரிச்சிச் சிரிச்சி நாலஞ்சு கலைஞ்சி போச்சி, அவ்ளோதான்.

எப்பிடி மாட்டிச்சின்னு கேளுங்க. மூணாங்கிளாசுல என் பின்னாடி பெஞ்சுல ஜகபர் அலின்னு ஒருத்தன். இப்போ இந்த ஆபீசுல குமாஸ்தா. இப்போ அவன்னு சொல்லக் கூடாது, அவரு. மனுவப் பிரிச்சிருக்காரு. அவரு பேரு, ஆறு எடத்துல! ஆறுலயும் கைநாட்டு! பி.ஏ. படிச்ச மனுசனுக்கு எப்பிடி இருக்கும்? அதுவும் மொளகு அத்தினி வெரலு! தாசில்தாரு அத்தினி பேரையும் நேர்ல கூப்பிடுன்னுட்டாரு. "அப்பிடி ஒரு கேள்விய சர்க்காரு கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்கு பதில் சொன்ன எரநூறு பேர நான் பாக்கணும்"னாராம்.

...அக்கா, அங்க பாருங்க. ஜகபர் அலி வெளிய வந்துட்டாரு. ரெண்டு மனுவையும் ரெண்டு பேருக்கும் காட்டறாரு. ஐயோ, பக்கத்துல பக்கத்துல வெச்சிக் காட்டறாரே, ரெண்டும் ஒரே கையெழுத்தாச்சே! அத்த கொடைய மடக்கிட்டாங்க. அவரு சைக்கிள வுட்டுட்டாரு. இன்னாமோ பேசிக்கறாங்க... அக்கா! அம்மாவும் புள்ளையும் பேசறாங்கக்கா! மூணு மாசங்கழிச்சி! அவரு "அம்மா"ன்னாரு, நான் வாயப் பாத்தேன்!

...இந்தப் பக்கம் பாக்கறாங்க. ரெண்டு பேரும் சேந்து வர்றாங்க.

அக்கா, பாப்பாவ ஒரு நிமிசம் வெச்சிக்கறீங்களா, நான் அந்தச் செவுத்துக்குப் பின்னால... இன்னா எழுந்துட்டீங்க? நீங்க போனா நான் யார்கிட்டக்கா பேசுவேன்? அக்கா! மனுவ வுட்டுட்டுப் போறீங்களே, ஒங்க மனு!... அடி ஜெயம்! அந்தப் பேட எப்போடி பையிலேந்து எடுத்த? அது மேலயா ஏறி நின்ன?

ஐயோ, பட்டா மனு மேல அஞ்சு வெரலும் அச்சு மாதிரி வியுந்துடுச்சே... அக்கா! ஓடாதீங்கக்கா! இது எடது காலு!