பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். பயம் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தால் குரல் மந்தமாகிவிடும். தொழில் பழக்கம்.

ஊர் சுற்றிக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நான் தொகுப்பாளினி. தெருவில் குழந்தைகள் என்னைக் கண்டால் இரண்டு கையையும் விரித்து, நான் சொல்வதுபோலவே "வாங்க, போகலாம்" என்பார்கள். ஒருமுறை மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரும் அப்படிச் சொன்னார். அந்த அளவுக்கு என்னைத் தெரியும்.

ஒருநாள் தயாரிப்பாளர் என்னை அறைக்கு அழைத்தார்.

"ஜனங்களுக்கு ஜனங்களைத்தாம்மா பிடிக்குது. நீ போனா, நீ போன மாதிரி இருக்கு. ஒரு குடும்பம் போனா, தாங்களே போயிட்டு வந்த மாதிரி இருக்காம்."

"அப்ப நான்?"

"ஏம்மா முகத்துல ஈயாடல? உன்னை விட்ருவேனா? அவங்களுக்கு யாரு சொல்லித் தர்றது? அவங்க காதுல நீதான் இருப்பே."

அப்படியே இருந்தேன். பேசுபவரின் காதில் சின்ன இயர்பீஸ் ஒன்று இருக்கும். என் கையில் மைக். பேச்சு மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்று சொல்ல வேண்டும். படப்பிடிப்புக் குழுவில் எனக்குக் 'காதுக்காரி' என்று பெயர் வைத்தார்கள்.

வந்த குடும்பத்தில் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பல் விழுந்து முளைக்கும் வயதில் ஒரு மகள். அந்த மனைவிக்குக் கேமரா என்றால் கூச்சமே கிடையாது. படகில் ஏறத் தெரியாமல் நாலு காலில் தவழ்ந்து ஏறினாள். ஊரே ரசித்தது. நான் படகில் நேராக ஏறப் பல வருடம் பழகியிருந்தேன்.

அவள் கெட்டவள் இல்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் ஒப்பனை அறை டிவியில் என் பழைய நிகழ்ச்சி ஓடியது.

"அக்கா, நீங்களா இது? சிரிப்பப் பாருங்க, அச்சுல வார்த்த மாதிரி."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்றார் கணவர்.

"தப்பாவா சொன்னேன்? நமக்கு அப்படி வராதுன்னு சொன்னேன். நம்மளது கோணச் சிரிப்பு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒப்பனைப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எதிரே இருந்த கண்ணாடியில் அது தெரிந்தது. அவள் சொன்னது சரிதான்.

கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னோக்கி நடப்பது எளிதல்ல. நான் நடக்கும்போது படத்தில் விழாமல் ஓர் உதவியாளர் எனக்குப் பின்னால் குனிந்து வருவார். நிற்க வேண்டிய இடம் வந்ததும் முதுகைத் தொடுவார். இவர்களுக்கு அது வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதுகில் கை பட்டால் அந்தப் பெண் துள்ளிவிடுகிறாள், காதில் நான் சொன்னால் போதும் என்றேன். அதில் பொய் இல்லை. அவள் துள்ளத்தான் செய்தாள்.

"திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா படம் கெட்டுடும். பின்னால நான் பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா? கண்ணை மூடிக்கிட்டு வருவேன்."

சந்தையில் அப்படி நடந்தாள். படகுத்துறையில் நடந்தாள். "நில்லு" என்றால் நிற்பாள். முதலில் ஓரக்கண்ணால் பின்னால் பார்ப்பாள். போகப் போக அதையும் விட்டுவிட்டாள். நான் அவசரப்படவில்லை.

கடைசிப் படப்பிடிப்பு பழைய கோட்டைச் சுவரின் மேல். ஓரிடத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்து போயிருந்தது. முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்தவள் நான். ஆபத்தில்லை என்று சொன்னவளும் நான். கேமராமேன் அவள் முகத்தை நெருக்கத்தில் வைத்திருந்தார். இயக்குநர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நன்றாக விழுந்தால் யாரும் காலைப் பார்ப்பதில்லை. ஓரமாக நின்ற கணவர், அவளைச் சிரிக்கவைக்கக் கன்னத்தை உப்பிக் காட்டினார். சிரித்தாள். அந்தக் கோணச் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். வந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

நீங்கள் ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டாலும் அதில் நான் இருக்க மாட்டேன். இயர்பீஸில் போவதை நாங்கள் பதிவு செய்வதில்லை. "நில்லு, நில்லுன்னு கத்தினேன், அவளுக்குக் கேக்கல" என்று விசாரணையில் சொன்னேன். கருவி பழுது என்று வழக்கை முடித்துவிட்டீர்கள்.

பிறகு ஏன் நானாக வந்தேன் என்று கேட்கிறீர்கள். அவள் கணவருக்காக வந்தேன். "நான்தான் சிரிக்க வச்சேன். என்னாலதான் போயிட்டா" என்று அவர் தொலைக்காட்சியில் அழுகிறார். மகள் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுகிறார்கள். அப்பாவையும் மகளையும் வைத்தே நிகழ்ச்சியைத் தொடரப் போகிறார்களாம். "பாத்தியாம்மா, துளிகூட நடிப்பில்ல" என்றார் தயாரிப்பாளர். செய்யாத தவறுக்கான பழியை ஒரு மனிதர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் கால் தவறவில்லை. அவர் சிரிக்கவைத்ததாலும் விழவில்லை. நான் நினைத்து, இடம் பார்த்து, பழக்கி, கொன்றேன்.

அவரிடம் இதை நானே சொல்கிறேன். அவர் மனம் ஆறும். ஒரே ஒரு வேண்டுகோள்தான். அந்த நிகழ்ச்சியிலேயே சொல்ல அனுமதியுங்கள். அவர் எனக்கு எதிரே உட்காரட்டும், குழந்தை பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் முன்கூட்டி எதுவும் தெரிய வேண்டாம், முகத்தில் இயல்பு போய்விடும். நான் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே டேக் போதும்.