சந்தனம் பாறைக்கு, வண்டிக்கு இல்ல

கைய எடுங்க மாப்ள! கைய எடுங்கங்கிறேன்! வாங்கியாந்தது பழைய டிராக்டரு, அதுக்குப் போயி சந்தனத்த அப்புறாராம். உங்க ஊருல ஆயுத பூசைக்கு இரும்புக்குச் சந்தனம் வைப்பீக. வச்சுக்கோங்க. இங்க இரும்புக்குக் கெடையாது. இந்தா நிக்குதுல்ல, இந்தப் பாறைக்குத்தான். ஏன்னு கேக்கணும்ல? கேக்காட்டியும் சொல்லுவேன். பொண்ணு கட்டுன ஊரு, தெரிஞ்சுக்கிறணும்.

பஸ்ஸு வராத காலம். பஸ்ஸு வர்றதுக்கு ரோடே வராத காலம். அந்தக் காலத்துல இந்த நெடுங்கரட்டுல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எனக்குப் பூட்டி. பூட்டின்னதும் பல்லுப்போன கெழவிய நெனைக்காதீக. அப்ப அவளுக்கு முப்பது வயசு இருக்காது. புருசன் காய்ச்சல்ல போயிட்டான். மிஞ்சுனது இடுப்புல ஒரு கைப்புள்ள, கொழுந்தன் மொக்கையன், ஒரு சோடி மயிலைக்காளை, ஓடைக்கு அங்கிட்டு ஒரு துண்டு சோளப்புஞ்சை. அம்புட்டுத்தான்.

ஊரு ஜமீனுக்குக் கட்டுப்பட்ட ஊரு. ஜமீனுக்கு வேட்டைன்னா கிறுக்கு. தான் சுடணும்னே கரடு பூராவும் காட்டுப்பன்னிய வளர விட்டுருந்தானாம். அது எறங்கி வந்து சோளத்த மேயும். ஊருக்காரன் ஒரு பன்னிய அடிச்சான்னா அவனுக்குச் சவுக்கடி. அதோட விட்டானா? ரெண்டு வருசம் வரிசையா வெள்ளாமை வீடு வந்து சேராட்டி நெலம் ஜமீனுக்குன்னு ஒரு சட்டம் வேற. பன்னியும் அவனோடது, சட்டமும் அவனோடது. எப்படி இருக்கு கதை!

பக்கத்துப் புஞ்சைக்காரனெல்லாம் நெலத்தக் குடுத்துட்டு அவன் பண்ணையிலயே கூலிக்கு நின்னான். சிலம்பாயிக்கும் மொத வருசச் சோளம் பன்னி வயித்துக்குப் போச்சு. ரெண்டாம் வருசம், கதிரு பால் புடிச்சு நிக்கிது. இதுவும் போனா புஞ்சை போச்சு. எல்லாரும் அழுதாக. அவ அழுகல. நேரா தாலூகா கச்சேரிக்கு நடந்தா. வாசல்ல போயி உக்காந்தா. போ போன்னு வெரட்டியிருக்கான் பியூனு. "வெள்ளாமையக் காக்கத் துப்பாக்கி வச்சுக்கிற உத்தரவு வேணும். குடுத்தாப் போறேன்." இம்புட்டுத்தான் பேச்சு. கடைசியில இவ தொந்தரவு தாங்காம வெள்ளக்காரத் தொரை உத்தரவு குடுத்துட்டானாம்.

உத்தரவு வந்துருச்சு. துப்பாக்கி?

மேல மலையில ஒரு காப்பி எஸ்டேட்டு. அங்க இருந்த தொரை சீமைக்குக் கப்பலேறயில, தன் பழைய வேட்டைத் துப்பாக்கிய பட்லர் ஆரோக்கியத்துக்குக் குடுத்துட்டுப் போயிருந்தான். பட்லருக்குத் துப்பாக்கி எதுக்கு? வண்டிக்குக் காளைதான் தேடிக்கிட்டு இருந்தாரு. இவ கேள்விப்பட்டு, ரெண்டு காளையையும் ஓட்டிக்கிட்டு மலையேறிட்டா. மொக்கையன் பின்னாலயே ஓடுறான். "மதினி, காளையக் குடுத்துட்டா உழவுக்கு?" "நீயும் நானும் நொகத்துல பூட்டிக்குவோம்டா. வா!"

அந்தத் துப்பாக்கி நம்மூருப் பக்கம் பாக்காத துப்பாக்கி. நம்மகிட்ட இருந்ததெல்லாம் மருந்து கெட்டிக்கிறது. ஒருதரம் சுட்டா மறுபடி கெட்டிக்கிறதுக்குள்ள கஞ்சி குடிச்சுட்டு வந்துரலாம். இது அப்படி இல்ல. விசைக்குக் கீழ ஒரு இரும்பு வளையம். விரல உள்ள விட்டுக் கீழ தள்ளி மேல இழுத்தா, சுட்டது வெளிய, புதுசு உள்ள. டக்... டக்.

மாடு புடிக்கிறவ மாதிரிப் பாத்தாளாம் சிலம்பாயி. கட்டையத் தட்டிப் பாத்தா. கட்டையில விரிசல், பித்தளைக் கம்பி சுத்தியிருக்கு. வளையத்தக் கீழ தள்ளி, குழல வெயிலுக்குக் காட்டி, அந்தப் பக்கத்துலருந்து உள்ள பாத்தா. மோந்துகூடப் பாத்தாளாம். பட்லருக்குச் சிரிப்பு.

"என்னம்மா, சுழி பாக்குறியா?"

"பழசு வாங்குறேன்ல? நல்லா பாக்கணும்ல? சுட்டுக் காட்டுங்க."

"தோட்டா மூணே மூணுதான்ம்மா இருக்கு. இங்க சுட்டா அங்க உனக்கு இல்ல."

யோசிச்சா. "அப்ப ஒத்தக் காளைய இப்பப் புடிங்க. மூணு தோட்டாவையும் எங்கூருல, எல்லாரும் பாக்கச் சுடுறேன். நீங்களும் வாங்க. துப்பாக்கி நல்லாருந்தா மறுகாளை உங்களுக்கு. இல்லாட்டி உங்க துப்பாக்கி உங்களுக்கு, என் காளை எனக்கு." பட்லர் ஒத்துக்கிட்டாரு.

ஒளிச்சு மறைச்சா செஞ்சா? வெள்ளிக்கிழம ஓடைப் பாறையில துப்பாக்கி சுட்டுப் பாக்கப் போறேன்னு ஊரு பூராவும் சொல்லி வச்சா. ஜமீன் ஆளு அனுப்புனான். "என் எல்லையில வெடிச் சத்தம் கேக்கக் கூடாது." அவ சொல்லி அனுப்புனா: "கேக்கும். காதப் பொத்திக்கிறச் சொல்லு."

வெள்ளிக்கிழம வந்துச்சு. ஊரே இந்த ஓடைக்கரையில நிக்கிது. ஒரு ஓரத்துல பொங்கலுக்கு ஒல வச்சிருக்கு. ஜமீன் குதிரையில வந்துட்டான், கூடவே சவுக்குக்காரனுக. குதிரையில இருந்தபடியே சொல்றான், "உன்கிட்டத்தான் உத்தரவு இருக்குல்ல, சுடு பாப்போம். அந்தா அந்தப் பாறையில ஒரு அடையாளம் வையி. அதுல படலைன்னா துப்பாக்கியும் என்னோடது, புஞ்சையும் என்னோடது."

"பட்டா?"

"பட்டா உன் புஞ்சையில எறங்குற பன்னி உன்னோடது."

"ஊரு கேட்டுக்கங்க!"ன்னு சொல்லிட்டு வளையத்தக் கீழ தள்ளுனா. டக். மேல இழுத்தா. வரல. மறுபடி இழுத்தா. வரல.

என்னாச்சுன்னா, நம்ம மொக்கையன் இருக்கான்ல, பக்திமானு. புதுசா வீட்டுக்கு ஆயுதம் வந்துருக்கே, வெறுமனவா குடுக்கிறதுன்னு, கொழைச்ச சந்தனத்த வளையத்துலயும் இடுக்குலயும் அப்பி, மேல குங்குமத்தயும் வச்சு விட்டுட்டான். வெயில்ல காஞ்சு சுண்ணாம்பு மாதிரிப் புடிச்சுக்கிருச்சு. இப்ப நீங்க பண்ணப் பாத்தீகளே, அதே வேலை!

ஜமீன் ஆளுக விழுந்து விழுந்து சிரிக்கிறாக. மொக்கையன் மண்ணுல உருளுறான், "மதினி, கெடுத்துட்டேனே!" "எந்திரிடா. அழுகுறதுக்கு இது நேரமில்ல." போனா, கொதிக்கிற பொங்கல் ஒலத் தண்ணிய மொண்டு அப்படியே வளையத்துல ஊத்துனா. நல்லவேளை, தோட்டா இன்னும் போடல. கையி வெந்துச்சு, விடல. சந்தனத்த வழிச்சு எடுத்தா, முந்தானையால தொடச்சா, ரெண்டு சொட்டு வெளக்கெண்ண விட்டா. டக்... டக். வழிச்ச சந்தனத்த எடுத்துட்டு ஓடையத் தாண்டிப் போயி, பாறையில அஞ்சு விரலும் பதிய ஒரு அப்பு.

"சந்தனம் இங்க இருக்கட்டும். அடையாளம் இதுதான்."

திரும்பி வந்தா. மூணு தோட்டாவையும் போட்டா. சுட்டா. பாறைக்கே படல, மண்ணுல புழுதி கெளம்புச்சு.

"முடிஞ்சதுல்ல"ன்னான் ஜமீன். ஒருதரம் சுட்ட துப்பாக்கி வெறுங்கட்டைதான அவனுக்கு? குதிரைய விட்டு எறங்கிட்டான், சவுக்குக்காரனுகளோட நடந்து வர்றான். அவ அவனைப் பாக்கவே இல்ல. டக்... டக். அடுத்த வெடி! எல்லாவனும் நின்னுட்டான். பாறையில பட்டுருச்சு, ஆனா சந்தனத்துக்கு இடது பக்கம்.

"இடதுக்கு இழுக்குது. நொண்டிக்காளை மாதிரி"ன்னு தனக்குத்தானே சொன்னாளாம். டக்... டக். கொஞ்சம் வலது தள்ளிப் புடிச்சா. மூணாவது வெடி. சந்தனத்துக்கு நட்ட நடுவுல, உள்ளங்கையில குழி. ஊரு கத்துன கத்துல குதிரை மெரண்டு ஓடிருச்சு.

ஜமீனுக்கு மானம் போச்சு. மானம் போனவனுக்கு வாக்கு எதுக்கு? "புடுங்குங்கடா அத!"ன்னான். நாலு பேரு பாயுறான். அப்பத்தான் அவ திரும்புனா. குழல அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டுனா. அவன் கண்ணைப் பாத்துக்கிட்டே, மெதுவா, வளையத்தக் கீழ தள்ளி மேல இழுத்தா.

டக்... டக்.

"இன்னும் எத்தனை இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். வாங்க, வந்து வாங்கிக்கங்க."

ஒருத்தன் அசையல. ஜமீன் ஒரு எட்டு பின்னால வச்சான். இன்னொரு எட்டு வச்சான். அப்புறம் திரும்பிட்டான். குதிரையும் ஓடிருச்சுல்ல, நடந்தே போனானாம் பங்களா வரைக்கும்.

அவன் தலை மறையிற வரைக்கும் துப்பாக்கிய எறக்கல அவ. பட்லர் ஆரோக்கியம் பக்கத்துல வந்து காதோட கேட்டாராம்: "மூணும்தான் சுட்டுட்டியேம்மா?"

"ஆமா. காளையப் புடிச்சுட்டுப் போங்க. துப்பாக்கி நல்லாருக்கு."

அதுக்கப்புறம் புஞ்சையில எறங்குன பன்னியக் கம்பாலயே அடிச்சாக, சவுக்கு வரல. அந்த வருசச் சோளம் வீடு வந்து சேந்துச்சு. அடுத்த மழைக்கு, சொன்ன மாதிரியே, மதினியும் கொழுந்தனும் நொகத்துல பூட்டிக்கிட்டுத்தான் உழுதாக. கூலிக்கு நின்னவனெல்லாம் ஒவ்வொருத்தனா ஜமீன்கிட்டப் போயி தன் புஞ்சையத் திருப்பிக் கேட்டான். குடுத்துத்தான ஆகணும்?

இந்தா, தொட்டுப் பாருங்க மாப்ள. இது இடது பக்கத்துக் குழி. இது நடுக்குழி, சந்தனம் இதுலதான் வைக்கணும். மேக்கொண்டு, இந்த ஊருல பழசு எத வாங்குனாலும், மாடோ மோட்டாரோ, இங்க கொண்டாந்து நாலு பேரு முன்னாடி ஓட்டிப் பாத்துட்டுத்தான் மறுபாதி குடுப்போம். வச்சாச்சா சந்தனம்? இப்ப கீழ கெடக்குற கல்லுல ரெண்ட எடுங்க. ரெண்டுதரம் தட்டணும். வெடி போடக் கூடாது. வெடிக்கு ஜமீன் பயப்படலயே! அவன் பயந்தது வெறுந்துப்பாக்கிக்கு. இன்னும் பலமாத் தட்டுங்க, பங்களா இருந்த பக்கம் கேக்கணும்.

டக்... டக்.