கழுத்துக்குக் கீழே

— இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு, நுவாலா. இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது நீயா எலியான்னே தெரியல.

— பேரைச் சொல்லாதீங்க ஃபாதர்! பாவசங்கீர்த்தனக் கூண்டுல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?

— கில்மர்வாவுல மொத்தமே இருநூறு பேரு. இருமினா யாருன்னு தெரியும், தும்மினா எந்தக் குடும்பம்னு தெரியும். சரி, கடைசியா எப்ப வந்த?

— போன சனிக்கிழமை. அப்பவும் இதை மறைச்சுட்டேன். ரெண்டு வருஷமா மறைச்சுக்கிட்டே வரேன். இது எந்தக் கட்டளைல வருதுன்னே தெரியல ஃபாதர்.

— பத்துதானே இருக்கு, தேடிக்கலாம். விஷயத்தைச் சொல்லு.

— அந்த வலைப்பூ இருக்கு இல்ல... 'கழுத்துக்குக் கீழே'... பூசைக்கு வர்றவங்க துணிமணியைப் படம் எடுத்துப் போட்டு, அஞ்சுக்கு எத்தனை பொத்தான்னு மார்க் போடுறது... அதை எழுதுறது நான்தான்.

— ஈஸ்டருக்கு நான் போட்ட ஜரிகை அங்கிக்கு ரெண்டே ரெண்டு பொத்தான் குடுத்தது நீயா?

— அங்கிக்கு அஞ்சும் குடுத்திருப்பேன். கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தீங்களே!

— தரை வரைக்கும் அங்கி தொங்குது. உள்ள என்ன இருக்குன்னு கர்த்தருக்கு மட்டும்தானே தெரியணும்?

— பீடத்துப் படி ஏறும்போது தூக்கிப் பிடிச்சீங்க. எனக்கும் தெரிஞ்சுடுச்சு.

— அது கெடக்கட்டும். படம் எப்படி எடுக்கிற? வாசல்ல நின்னு கோயில் பங்குச் செய்தித் தாள் குடுக்கிறதைத் தவிர உன் கை வேற எதுவும் செஞ்சு நான் பார்த்ததில்லையே.

— அந்தத் தாள் கட்டுக்கு நடுவுலதான் போன். சின்னதா ஒரு ஓட்டை போட்டிருக்கேன். தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட ஒரு நிமிஷம் நிப்பாங்க இல்ல, அப்ப எடுத்துடுவேன். அப்புறம் தலையை மட்டும் வெட்டிடுவேன். யாருன்னு தெரியக் கூடாதே.

— தலை இல்லாட்டா தெரியாதாக்கும். ஹெஹிர் வீட்டு ஆளுங்களை முழங்காலைப் பார்த்தே சொல்லிடலாம். எதுக்கு இந்த வேலையை ஆரம்பிச்ச?

— அந்த வருஷம் அக்டோபர்ல இருந்து மழை ஃபாதர். வானம் சாம்பல், ரோடு சாம்பல், ஆடு சாம்பல். ஒரு ஞாயித்துக்கிழமை பட்ஸி லினேன் உள்ள வர்றான். கருநீலக் கோட்டுல பொத்தான் எல்லாம் போயிடுச்சு, அதுக்குப் பதிலா வைக்கோல் கட்டுற ஆரஞ்சுக் கயிறை இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டிருக்கான். கருநீலத்து மேல ஆரஞ்சு! அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு நெறஞ்சுடுச்சு. யாராவது இதைப் படம் எடுக்கணும்னு தோணுச்சு. கைல போன் இருந்துச்சு.

— இதுல பாவம் எங்க இருக்கு?

— பாவம் ஹெஹிர் வீட்டு அட்ராக்டாவோட கோட்டுல இருக்கு.

— அந்தக் கடுகு மஞ்சள் கோட்டா? கணுக்கால் வரைக்கும், பெரிய காலர் வச்சு? அதைப் போட்டுக்கிட்டு அவ பூசைல நன்மை அப்பம் வாங்க வந்தப்ப, பின்னாடி நின்ன ஆளுக்கு நான் ரெண்டு தடவை நன்மை குடுத்துட்டேன்.

— அதேதான். இதுவரைக்கும் அஞ்சு பொத்தானும் வாங்கின ஒரே துணி. வாசல்லயே தாங்க முடியாம, 'எவ்வளவு அழகா இருக்கு!'ன்னு சொல்லிட்டேன். உடனே அவ, 'இதுவா? என்னிஸ் டவுன்ல பழந்துணிக் கடை, பன்னெண்டு யூரோ'ன்னா.

— யார் பாராட்டினாலும் நாம அதைத்தானே சொல்லுவோம்? பழசு, கிழிசல், பன்னெண்டு யூரோ. முப்பது வருஷம் முன்னாடி இந்த ஊர்ல ஒருத்தி வாய் தவறி 'நன்றி'ன்னு சொல்லிட்டா. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் அவளை வந்து பார்த்துட்டுப் போனாங்க. வெக்கம் தாங்காம பாஸ்டனுக்கே போயிட்டா, பாவம்.

— எனக்குத் தெரியாதா ஃபாதர்? இங்கயே பொறந்தவ நான். என் கல்யாண கவுனையே 'அக்கா வீட்டுப் பழைய திரைச்சீலை'ன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அன்னைக்கு மட்டும் புத்தி எங்க மேயப் போச்சோ, அவ சொன்னதை நம்பி அப்படியே தலைப்பாப் போட்டுட்டேன். 'பன்னெண்டே யூரோ!' டப்ளின்ல இருந்தெல்லாம் நாப்பதாயிரம் பேர் பார்த்தாங்க. அந்த நாப்பதாயிரத்துல ஒருத்தன் அவ புருஷன் மார்ட்டி.

— ஓ.

— அந்தக் கோட்டு விலையைப் பத்தி அவனுக்கு மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்திருக்கு. மாட்டுச் சந்தைல நின்னு போன்ல படிச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கான். அட்ராக்டா வெளிய போயிருந்தா. கொட்டகைல நாய்க்குப் பிரசவ வலி. வெளிய ஆலங்கட்டி மழை...

— வேண்டாம், சொல்லாதே.

— பன்னெண்டு யூரோ துணிதானேன்னு கோட்டை எடுத்து நாய்க்குக் கீழ விரிச்சுட்டான். ஏழு குட்டி ஃபாதர். அதுல ரெண்டு காலருக்குள்ள.

— நெசமா அது என்ன விலை?

— டப்ளின்ல பெரிய கடைல வாங்கினது. நானூத்து எண்பது.

— மாதாவே! என் கார் அவ்வளவு பெறாது. உனக்கு யார் சொன்னா?

— அவ தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட மட்டும் சொன்னா. மார்ட்டியைத் தவிர ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கா.

— அட்ராக்டா என்ன செஞ்சா?

— என்ன செய்வா? பன்னெண்டுன்னு சொன்ன வாயாச்சே, திறக்கவா முடியும்? மார்ட்டி பதினஞ்சு யூரோவைக் கைல வச்சு, 'வேற ஒண்ணு வாங்கிக்கோ, மிச்சத்துக்கு டீ குடி'ன்னு பெரிய மனசு பண்ணினானாம். அதுல இருந்து மூணு ஞாயிறா அவ கோயில் பக்கமே வரல. அவ வரலைன்னா ஹெஹிர் குடும்பத்துல இருபத்திரண்டு பேரும் வரல. எழுதினவ கைல கிடைச்சா காலரைப் பிடிச்சு உலுக்குவேன்னு கடைல நின்னு சொன்னாளாம். எனக்குச் சோறு தண்ணி இறங்கல ஃபாதர். வீட்டுக்குப் போனதும் வலைப்பூவை மூடிடப் போறேன்.

— மூடாதே!

— மெதுவாப் பேசுங்க!

— மெதுவாத்தான் பேசுறேன். மூடாதேங்கிறேன். நாளைக்கு யார் வர்றாருன்னு தெரியுமா?

— யாரு, பிஷப்பா?

— பிஷப் அனுப்புற ஆளு. கடைசி வரிசைல உக்காந்து தலை எண்ணப் போறார். நூறு தலை இருந்தா கில்மர்வாவுக்கு ஞாயிறு பூசை உண்டு. தொண்ணூத்தொன்பதுன்னா கோயிலைப் பூட்டிட்டு எல்லாரையும் பக்கத்து ஊர் லிஸ்கார்னாவுக்குப் போகச் சொல்லிடுவாங்க.

— லிஸ்கார்னாவுக்கா? அங்க ட்ராக்சூட் போட்டுக்கிட்டுப் பூசைக்கு வருவாங்களே!

— அதைத்தான் சொல்றேன். நான் மிகைப்படுத்திப் பேசுறவன் இல்ல, உனக்கே தெரியும். நீ எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஞாயித்துக்கிழமை பதினோரு பேரும் ஒரு ஆடும். ஆடு மட்டும்தான் பிரசங்கம் முடியிற வரைக்கும் உக்காந்திருக்கும். நீ எழுத ஆரம்பிச்ச, ஜனங்க தலை வார ஆரம்பிச்சாங்க. யாரு எடுக்கிறாங்க, எங்க இருந்து எடுக்கிறாங்கன்னு தெரியாம எல்லாப் பக்கமும் அழகா இருக்கணும்னு பாடுபட்டாங்க. போன வருஷம் குருத்து ஞாயிறு அன்னைக்கு எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல இஸ்திரி போட்டதுல கிளேர் மாவட்டம் பூரா விளக்கு மங்கிடுச்சு. மின்சார ஆபீஸ்ல இருந்து எனக்கு போன் போட்டு, 'அங்க ஏதாவது தொழிற்சாலை திறந்திருக்கீங்களா'ன்னு விசாரிச்சாங்க.

— சும்மா சொல்லாதீங்க.

— பட்ஸியோட ரப்பர் பூட்ஸுக்கு நாலு பொத்தான் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? அதை அவன் தேய்ச்ச தேய்ப்புல ஒரு காக்கா அதுல மூஞ்சி பார்த்துக்கிட்டே அவன் பின்னாடி கோயிலுக்குள்ள வந்துடுச்சு. இப்ப வாராவாரம் வருது. அதையும் ஒரு தலையா எண்ணுவீங்களான்னு பிஷப் ஆபீஸ்ல கேட்டேன். முடியாதாம்.

— இப்ப மொத்தம் எவ்வளவு தலை ஃபாதர்?

— போன வாரம் எண்ணினேன். காக்காவைத் தள்ளி எண்பத்தொன்பது.

— ஹெஹிர் ஆளுங்க இருபத்திரண்டு வந்தா...

— பிழைச்சோம். வரலைன்னா லிஸ்கார்னாதான். எனக்கு அவங்க ஒரு அறை குடுப்பாங்க. அவங்க சாமியார் விடியக்காலைல புல்லாங்குழல் வாசிக்கிறவர். இப்ப அபராதம் சொல்றேன், கேளு. மூணு அருள் நிறைந்த மரியே செபம். முடிச்சுட்டு நேரா அட்ராக்டா வீட்டுக்குப் போ. 'எழுதினது நான்தான், மன்னிச்சுக்கோ'ன்னு சொல்லி நாளைக்குக் கூட்டிக்கிட்டு வா.

— கொன்னுடுவா ஃபாதர்!

— கொன்னா அடக்கப் பூசைக்கு நல்ல கூட்டம் வரும். ஆனா அது ஞாயிறு கணக்குல சேராது. அதனால உசிரோட இருக்கப் பாரு.

— நான் வேற மாதிரி செய்றேன். இன்னைக்கே என் படத்தைப் போடுறேன், தலையோட. 'இத்தனை நாளா உங்களை ஒளிஞ்சிருந்து பார்த்தவ இவதான். அட்ராக்டா, மன்னிச்சுடு'ன்னு எழுதிடுறேன்.

— விலை தப்புன்னு எழுதிடாதே. மார்ட்டி படிச்சான்னா அவ கதி அதோகதி.

— விலையைத் தொடவே மாட்டேன். இதோ, இந்த அனோராக் மழைக்கோட்டோட நின்னு எடுத்து, அஞ்சுக்குப் பூஜ்யம் பொத்தான்னு போடுறேன். ஊரே பார்த்துச் சிரிக்கட்டும்.

— எது, அந்தப் பழுப்பு அனோராக்கா?

— பதினோரு வருஷமா இது ஒண்ணுதான். ஊர்ல எல்லார் துணியையும் பார்த்துக்கிட்டே இருந்ததுல என்னைப் பார்க்க எனக்கு நேரமே வரல ஃபாதர்.

— அந்த அனோராக்கோட மட்டும் என் வீட்டுப் பக்கம் வந்துடாதே. நாய் பயந்து ஓடிப் போச்சுன்னா ஏழு குட்டிக்கும் யாரு பால் குடுக்கிறது?

— ஃபாதர்... இது உங்க குரல் இல்லையே.

— இல்ல. கூண்டுக்கு அந்தப் பக்கத்துல, அடுத்த ஆள் காத்திருக்கிற இடத்துல இருந்து வருது. அட்ராக்டா! எவ்வளவு நேரமா அங்க மண்டி போட்டிருக்க?

— இவளை எலியான்னு கேட்டீங்களே, அப்ப இருந்து. நீங்க மெதுவாப் பேசுறது லிஸ்கார்னா வரைக்கும் கேக்கும்.

— ஐயோ அட்ராக்டா, நான் வேணும்னு செய்யல. உன் காலைப் பிடிச்சு...

— காலைப் பிடிக்காதே, மரத்துப் போயிருக்கு. சித்த சும்மா இரு. எனக்கும் பாவம் சொல்லணும்.

— உனக்கென்ன பாவம்மா? நீ நாளைக்கு வருவியா, அதைச் சொல்லு முதல்ல.

— நெஞ்சுல பொய்யை வச்சுக்கிட்டு நன்மை வாங்கக் கூடாதுன்னுதான் ஃபாதர் மூணு வாரமா வரல. நாயினால இல்ல.

— பன்னெண்டு யூரோன்னு சொன்னதா? அது பொய்யே இல்ல, மரியாதை. அதுக்கெல்லாம் அபராதம் போட்டா இந்தத் தேசத்துல ஒருத்தரும் மோட்சம் போக முடியாது.

— வேற யார்கிட்ட சொல்லியிருந்தாலும் மரியாதைதான். நுவாலாகிட்ட சொன்னது மரியாதை இல்ல.

— என்கிட்ட சொன்னா என்னவாம்?

— அடியே, ரெண்டு வருஷமா நீ அந்தத் தாள் கட்டைத் தூக்கும்போதெல்லாம் வாசக் கதவு காத்துல சாத்திக்காம முதுகு குடுத்து, உள்ள வெளிச்சம் விட்டது யாருன்னு நெனச்ச? பரிசுத்த ஆவியா?

— உனக்குத் தெரியுமா?

— முதல் படத்துல இருந்து.

— அப்ப காலரைப் பிடிச்சு உலுக்குவேன்னு சொன்னது?

— கடைல பக்கத்துல என் புருஷன் நிக்கிறான். வேற என்னத்தைச் சொல்ல?

— இரு, இரு. நான் எழுதுவேன்னு தெரிஞ்சேதான் பன்னெண்டுன்னு சொன்னியா?

— எழுதணும்னுதான்டி சொன்னேன்! கட்டின பொண்டாட்டி சொன்னா மார்ட்டி ரசீதைக் கேப்பான், நீ எழுதினா சுவிசேஷம்னு நம்புவான். ஃபாதர், நாளைக்கு எங்க இருபத்திரண்டு பேரும் வர்றோம், பாவமன்னிப்பைக் கொஞ்சம் தாராளமாவே குடுங்க. நுவாலா, என் கால்ல புதுசா ஒரு சிவப்பு பூட்ஸ் இருக்கும். ஒன்பது யூரோ, எழுதிக்கோ.