வெள்ளத்தாயின் மனுவைப் பலகையில் எழுதிய விதம்

என் கையெழுத்து அழகாக இருக்கும் சார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் வட்ட வழங்கல் அலுவலகத்தில், வாசல் கரும்பலகையை அதனால்தான் என்னிடம் விட்டிருக்கிறார்கள். சாக்பீஸை லேசாக நனைத்து எழுதினால் ஒரு வாரத்துக்கு அழியாது.

தொண்ணூற்றேழில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மக்களிடம் ஒளிவுமறைவு கூடாது, வந்த மனுக்களையும் எடுத்த நடவடிக்கையையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்றது. மற்றவர்கள் அதைப் படித்துக் கொட்டாவி விட்டார்கள். எனக்கு மட்டும் உண்மையிலேயே சந்தோஷம். பலகைக்குப் புதிதாகக் கறுப்பு அடிக்க வைத்து, மனு எண், தேதி, நடவடிக்கை என்று மூன்று கட்டம் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் 'பரிசீலனையில்' என்று இருக்கும்.

அந்த ஆடியில் வ. புதுப்பட்டியிலிருந்து வெள்ளத்தாய் வந்தாள். கூலி வேலை, தனிக்கட்டை. ரேஷன் கடை சுயம்புலிங்கம் மண்ணெண்ணெயைக் கார்டில் மட்டும் ஊற்றுகிறார், மிச்சமெல்லாம் பேரல் பேரலாக ராஜபாளையத்துக்குப் போகிறது என்று மனு. லாரி எண்கூட இருந்தது. அவ்வளவு சுத்தமான மனுவைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஐயா, எம் பேரு மட்டும் வெளிய தெரிய வேண்டாம். அவிய என்னைய ஊருல இருக்க விட மாட்டாவ."

"அரசாங்கமே மறைக்கக் கூடாதுங்குது. நீ மறைக்கச் சொல்லுத," என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

சுயம்புலிங்கம் எனக்கு ஒரு பைசா தந்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அரைக் கிலோ பால்கோவா, அதுவும் இளஞ்சூட்டோடு. அதை லஞ்சம் என்றால் இந்த ஊரில் யாரும் யாருக்கும் பண்டம் வாங்கித் தர முடியாது.

கடைக்கு வேண்டிய லோடை எழுதிக் கொடுக்க அவர் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். திங்கட்கிழமை சாயங்காலம் வெள்ளத்தாயின் மனுவைப் பலகையில் ஏற்றினேன். மற்ற மனுக்களுக்கு எண் மட்டும்தான். அவளுடையதை மட்டும் முழுசாக எழுதினேன்: பெயர், தெரு, கதவு எண், லாரி எண். 'என் பெயர் வெளியே தெரிய வேண்டாம்' என்ற கடைசி வரியையும் விடவில்லை. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் அல்லவா.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் வந்தது. கூரையில் ஊற்றியிருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். மூன்றாவது கட்டத்தை நானே நிரப்பினேன்: 'மனுதாரர் காலமாகிவிட்டதால் மனு முடிக்கப்பட்டது.'

அதற்குப் பிறகு பதினோரு மாதம் ஒரு புகார்கூட வரவில்லை. ஊழல் புகாரே இல்லாத அலுவலகம் என்று பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், வரும்போது பார்த்திருப்பீர்கள்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம் சார். அவர் வந்து படிப்பார் என்று தெரியும். படித்தால் சும்மா இருக்க மாட்டார் என்றும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கலாமா? என்மீது மனுக் கொடுத்தது யார் சார்? பெயரும் தெருவும் போதும். திங்கட்கிழமை பலகையில் ஏற்ற வேண்டும்.