ஆறு விரல் கோல்கீப்பர்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் ஆடும். பயப்பட வேண்டாம், இத்தனை வருடத்தில் யாரையும் கீழே தள்ளியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்தவர்களைத் தாகத்தோடு அனுப்புகிற ஆள் நான் இல்லை.

அலமாரியைத் திறந்து காட்டுகிறேன், ஆனால் நீங்கள் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை காகிதத்தில் இறங்கிவிடும். இவையெல்லாம் கேட்லாக்குகள். மேசைக் கால்பந்து தெரியுமல்லவா? பச்சைத் துணி விரித்த பலகை, சுண்டுவிரல் உயரத்தில் பொம்மை ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவனுக்கும் அடியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு பீடம். அதை நகத்தால் சுண்டினால் ஆள் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை இடிப்பான். அந்தக் கம்பெனி வருடம் ஒரு கேட்லாக் போடும். பெட்டி வாங்கினால் இலவசம். அதனால் யாரும் அதை மதிக்கவில்லை. பொம்மைகளைப் பத்திரப்படுத்தினார்கள், கேட்லாக்கில் பொட்டலம் கட்டினார்கள். இன்று பொம்மை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், கேட்லாக்குக்குத்தான் நாய் படாத பாடு படவேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு வந்து, சாயங்காலம் இதில் உட்காருவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதில் ஒரு நிம்மதி உண்டு. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்பார்கள்.

கம்பெனி மூடும்வரை வந்த எல்லா வருடத்துக் கேட்லாக்குகளும் என்னிடம் இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த வருடம் அட்டைப்படம் வரைந்த ஓவியர் என்ன நினைப்பில் இருந்தாரோ, பாய்ந்து பந்தைப் பிடிக்கும் கோல்கீப்பருக்கு வலது கையில் ஆறு விரல் போட்டுவிட்டார். அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பிய பிறகுதான் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கூழாக்கிவிட்டார்கள். தப்பித்த பிரதிகள் சொற்பம். சேகரிக்கிறவர்கள் மத்தியில் அதற்குப் பெயரே 'ஆறு விரல்'தான். அதைக் கண்ணால் பார்த்தவன் என்று சொன்னாலே வாயைப் பிளப்பார்கள். நான் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, சிறுவயதில் கையில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் அது இருந்தது.

அண்ணன் அதைப் பந்தயமாக வைத்தார். ஜெயிக்கிறவருக்குக் கேட்லாக். ஆட்டம் முடியப்போகும் நேரம், சமநிலை. இந்த ஆட்டத்தில் பந்து எதிராளி பக்கம் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். பந்து தாண்டவில்லை. அண்ணன் சுண்டினார், வலையில் விழுந்தது. தாண்டவில்லை என்று நான் அழுதேன். "தாண்டுச்சுடா பொடியா, உனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். பிற்பாடு நான் கண்ணாடிக் கடையில் சேர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

அவர் கேட்லாக்கை எங்கேயோ ஒளித்துவைத்தார். "கண்டுபிடிச்சா உனக்கு" என்றார். பெரியவர்களான பிறகும் இந்தக் கேலி ஓயவில்லை. நான் கெஞ்சுவேன், அவர் சிரிப்பார். "போகும்போது சொல்லிட்டுப் போறேன்டா. அதுவரைக்கும் தேடு." அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டைக் காலி செய்தபோது மூலைமுடுக்கெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. அண்ணன் நாங்கள் ஆடிய இந்த மேசையை மட்டும் வண்டியில் ஏற்றி எனக்குக் கொண்டுவந்தார். தன் கையாலேயே புதுப் பச்சைத்துணி போட்டு, ஓரமெல்லாம் ஆணியடித்திருந்தார். "பத்திரமா வெச்சுக்க" என்றார். நல்ல மனுஷன்தான். இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதாகப் போயிற்று, பேச்சும் போயிற்று. அண்ணி இல்லை. மகள் தூர ஊரில் வேலையில் இருக்கிறாள், உடனே லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "நான் பாத்துக்கறேம்மா" என்றேன். "தெய்வம் மாதிரி வந்தீங்க சித்தப்பா" என்று என் கையைப் பிடித்து அழுதாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல் வந்தாலோ மூச்சு இழுத்தாலோ உடனே போன் செய்யவேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை அனுப்புவதாகவும் சொன்னார். அந்தப் பெண் போன் செய்தபோது, அண்ணனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருந்தது. என் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அண்ணனின் இடது கை ஆட்காட்டி விரல் அசைந்தது. கட்டில் சட்டத்தில் நான்கு முறை தட்டினார். சற்று நிறுத்திவிட்டு, மறுபடியும் நான்கு.

எனக்கு உடனே புரிந்தது. சிறுவயதில் மதியம் அப்பா தூங்கும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அதனால் கேட்லாக் எண்களில் பேசிக்கொள்வோம். உபரிச் சாமான்கள் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, எந்த வருடமும் அது மாறாது. மூன்று என்றால் நடுவர், அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். நான்கு, வாளியோடு ஓடிவரும் உதவியாள், தண்ணீர் வேண்டும். ஏழு, மைதான விளக்கு. இந்த உலகத்தில் இந்தப் பாஷை இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இதை நான் டாக்டரிடமோ அண்ணன் மகளிடமோ சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். ஆளாளுக்கு வந்து எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மகள் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். என்னுடைய ஒரே ஒரு கேள்விக்கு எப்போது முறை வரும்? வாழ்க்கையில் எல்லா வரிசையிலும் கடைசியில் நின்றவன் நான்.

ஸ்பூனில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணா, ஆறு விரல் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. அந்த நிலைமையிலும் கேலி. நான் ஸ்பூனை டம்ளரில் போட்டுவிட்டு எழுந்து போனேன். கோபமெல்லாம் இல்லை, அவர் யோசிக்கட்டும் என்றுதான். அன்று முழுக்க அவ்வப்போது நான்கு தட்டினார். அவ்வப்போது நானும் போய் அதே கேள்வியைக் கேட்டேன். நான் தண்ணீர் கொடுக்கவே இல்லை என்று அவருடைய மகள் உங்களிடம் கொடுத்த புகாரில் சொல்லியிருந்தால் அது தவறு. பதில் சொன்னதும் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் சொன்னார். ஒரே ஒரு தட்டு. ஒன்றாம் எண், ஆடுகளத் துணி.

இந்த மேசைதான். உங்கள் முழங்கை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே. ஆணிகளைப் பிடுங்கித் துணியைத் தூக்கினேன். பலகைக்கும் துணிக்கும் நடுவில் கேட்லாக் படுத்திருந்தது. ஈரம் தொடவில்லை, பூச்சி தொடவில்லை, மடிப்பு இல்லை. இத்தனை வருடம் நான் சாப்பிட்டதும் கணக்குப் பார்த்ததும் அதன் மேல்தான். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினேன். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அட்டையைத் திறக்கச் சொல்வதுபோல் விரலை ஆட்டினார். பிறகு நான்கு தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மனசு தாராளமாகிவிட்டது. ஸ்பூனாவது ஒன்றாவது என்று டம்ளரோடு வாயில் வைத்துச் சரித்தேன். அவரும் ஆசையாகத்தான் குடித்தார். பிறகு புரையேறி வெகுநேரம் இருமினார்.

இரண்டொரு நாளில் உடம்பு கொதித்தது. மூச்சு கரகரத்தது. அப்போதுதான் ஒன்பது தட்ட ஆரம்பித்தார்.

நான் கடைசியாகச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் பொறுமையாகக் கேளுங்கள். அண்ணன் தன் வாயாலேயே என்ன சொல்லியிருந்தார்? போகும்போது சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். சொல்லிவிட்டார். அப்படியென்றால் போகிறார் என்றுதானே அர்த்தம்? கண்டுபிடித்தால் உனக்கு என்றும் சொல்லியிருந்தார். நான் கண்டுபிடிக்கவில்லை, அவர் சொல்லித்தான் எடுத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால், நியாயப்படி நான் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். விதிகளை மீறி ஜெயிக்கிறவன் நான் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்திருந்தது. என் கையில் என்ன இருந்தது, சொல்லுங்கள்.

போன் இருந்தது. அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். இதே மேசையில்தான் இருந்தது.

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். மரச்சட்டத்தில் பட்டு விரல் சிவந்துவிட்டது. வலிக்குமே என்று ஒரு துண்டை நாலாக மடித்து விரலுக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு சத்தமும் கேட்கவில்லை.

அண்ணன் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். தட்டிக்கழிக்க முடியாமல் காட்டினேன். "அப்பா, நான் பேசறது கேக்குதா?" என்றாள். துண்டின் மேல் விரல் வேகமாக அசைந்தது. "விரல் ஏன் அப்படி அசையுது சித்தப்பா?"

"அது நரம்புத் துடிப்பும்மா. அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னார்."

அண்ணன் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. பந்து கோட்டைத் தாண்டவில்லை என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பாததால், நான் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேனே, அந்தப் பார்வை. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன், அவளும் அந்தப் பக்கம் அழுதாள். விரல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகுதான் நின்றது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவள் இந்த மேசைக்கு எதிரே நின்றாள். "எங்க வீட்ல சாப்பிடும்போது அப்பா நாலு தட்டினா நான் தண்ணி எடுத்துட்டு வருவேன். சின்னப் புள்ளைல இருந்து. அன்னிக்கு போன்ல நான் எண்ணினேன் சித்தப்பா. ஒன்பதுன்னா என்ன?"

அந்தப் பாஷையை அவர் மூன்றாவது ஆளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது. எங்கள் இருவருக்குள் இருந்த விஷயம் அது. ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. உபரிச் சாமான்கள் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். இதோ, நீங்களும் பாருங்கள். ஒன்பதாம் எண், ஸ்ட்ரெச்சர், தூக்குகிற ஆட்கள் இருவர். சிறுவயதில் காய்ச்சல் என்றால் இதைத்தான் தட்டுவோம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அண்ணன் கேட்டார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புரிந்தது. நான் போகவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆறு விரலை எடுத்துப்போகத்தானே வந்திருக்கிறீர்கள். உறையோடு எடுங்கள், வெயில் படாமல் வையுங்கள். முன்னட்டையில் குறையே கிடையாது, நிறம்கூட மங்கவில்லை. உள்பக்கத்தில்தான் ஒரு சேதம். நான் செய்ததல்ல, அன்று துணிக்கடியிலிருந்து எடுத்தபோதே இருந்தது. பழைய பேனா மை, துணி போட்டு ஆணியடித்த நாளில் எழுதியிருக்கிறார். 'பொடியனுக்கு. இது உன்னுதுதான். அந்த கோல் செல்லாது.' ரப்பரால் அழித்துப் பார்த்தேன், போகவில்லை. இதனால் இதன் தரம் ஒரு படி இறங்கிவிட்டது. எதையும் கெடுக்காமல் கொடுக்க அண்ணனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.